தங்கை பார்த்த பாலைவனம்

“இந்த லீவுக்கும் பாலைவனம் கிடையாதா? நல்லா இருக்கு!”

ஆசை ஆசையாக வாங்கிய தொப்பிகளைக் கட்டில்மேல் வீசி எறிந்தாள் மனைவி. பிள்ளைகள் மெல்ல அடுத்த அறைக்கு நழுவினார்கள்.

“ஸ்டுடியோவை மூடிட்டு எப்படி வர்றது? சீசன் நேரம்” என்றார் போட்டோகிராபர் கணவர்.

“என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு மட்டும் வேலை வெட்டி இல்லையா? போன லீவுக்கே குடும்பத்தோட மணல்ல நின்னு படம் அனுப்பலையா? ‘அக்கா, நீ உங்க தெருவைத் தாண்டியிருக்கியா’ன்னு அவ போன்ல சிரிக்கிறா. எனக்குப் பத்திக்கிட்டு வருது!”

“போதும், வாயை மூடு.”

“மூட மாட்டேன்! ஆம்பளைன்னா அவர் ஆம்பளை. நீங்களும் இருக்கீங்களே!”

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவருக்குப் பொறுமை போய்விட்டது. அவள் கையைப் பிடித்து, மாடிப்படி அதிர, கீழே ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போனார். விளக்குகளைப் போட்டார். மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு திரையை உதறி விரித்தார்.

பொன்னிற மணல்மேடு, நீல வானம், ஓரத்தில் ஓர் ஒட்டகம். தங்கை அனுப்பிய படத்தில் பல்லைக் காட்டிய அதே ஒட்டகம்!

“உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சகலை கையைப் பிடிச்சுக் கெஞ்சினார்” என்றார் கணவர்.

அவள் முகம் ஜிவ்வென்று சிவந்தது. கொஞ்ச நேரம் அந்தத் திரையை எரித்துவிடுவதுபோல் முறைத்தாள்.

“மரம் மாதிரி நிக்காதீங்க! இந்தத் திரையில படம் வரையிறவரை உடனே வரச் சொல்லுங்க. எனக்கு ரெண்டு ஒட்டகம் வேணும்!”