பெரிய கேப்டனுக்கு ஃபெயில்

"பெரிய கேப்டனுக்கே ஃபெயில் போட்டுட்டாங்களாம்!"

அவள் விமானத்திலிருந்து இறங்கி, ஹெட்செட்டைக் கழற்றி வைத்து, ரிப்போர்ட்டில் முதல் வரி எழுதுவதற்குள் செய்தி கேன்டீன் வரை போய்விட்டது.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே பைலட் டெஸ்டில், அப்போது பரிசோதகராக இருந்து அவளுக்கு ஃபெயில் போட்டவர் இந்தப் பெரிய கேப்டன்தான். அன்றைக்குக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள், இன்றைக்குப் பரிசோதகர்.

"காத்திருந்து பழி வாங்கிட்டாங்கப்பா!"

கதவுக்கு வெளியே யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. தலை நிமிராமல் அடுத்த வரியை எழுதினாள்.

வானத்தில் நடந்தது இதுதான்.

வெளியே எதுவும் தெரியாதபடி கேப்டனின் நெற்றியில் மறைப்பு மாட்டியாயிற்று. எதிரே மீட்டர்கள் மட்டும்தான் தெரியும். மேகத்துக்குள் ஓட்டுவதற்கான பரிசோதனை.

"கண்ணை மூடிக்கிட்டு தலையைக் குனிஞ்சுக்குங்க சார்."

அவள் விமானத்தை இடது பக்கம் மெல்ல, மிக மெல்லச் சாய்த்தாள். காதுக்குள் இருக்கிற சமநிலைக்கே தெரியாத அளவுக்கு மெல்ல. மூக்கையும் கொஞ்சம் இறக்கினாள்.

"இப்ப கண்ணைத் திறங்க. விமானம் உங்க கையில."

உயரம் குறைகிறது என்பதை மட்டும் பார்த்தார் கேப்டன். சாய்வை நிமிர்த்தாமல் அப்படியே மூக்கைத் தூக்கினார். விமானம் மேலே ஏறவில்லை. சுழன்று இன்னும் இறங்கியது.

"சாய்வைப் பாருங்க சார்."

"சாய்வா? நேராத்தாம்மா போகுது!"

"மீட்டர் என்ன சொல்லுது?"

"மீட்டர்தான் தப்பு!"

மூன்று எண்ணும் நேரம் காத்திருந்தாள். பிறகு, "என் கையில" என்று வாங்கி நிமிர்த்தினாள். விமானம் நேரானதும் வலது பக்கம் விழுகிற மாதிரி கேப்டன் கதவைப் பிடித்துக்கொண்டார்.

விதிப்படி இன்னொரு வாய்ப்பு உண்டு. கொடுத்தாள். அதிலும் அதே கதைதான்.

தரை இறங்கியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நிஜமாவே இடது பக்கம் சாஞ்சிருந்துதா?"

"ஆமா சார்."

மறைப்பைக் கழற்றித் துடைத்து அவளிடம் நீட்டினார். "என்ன எழுதணுமோ எழுதும்மா."

எழுதி முடித்துக் கையெழுத்துப் போடும்போது கதவு படாரென்று திறந்தது. கேப்டன் வேலை பார்க்கும் விமான ஆம்புலன்ஸ் கம்பெனியின் மானேஜர்.

"என்ன மேடம், பழைய கோபத்தைத் தீர்த்துக்கிட்டீங்களா?"

"உட்காருங்க சார்."

"உட்கார வரல. எங்கிட்ட இருக்கிறதே ரெண்டு பைலட். அடுத்த வாரம் மழை ஆரம்பிக்குது. இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டின மனுஷர். நெஞ்சுவலின்னு ஒருத்தர் கூப்பிட்டா நான் யாரை அனுப்புறது?"

"மழை வருதுன்னுதான் நானும் சொல்றேன். மேகத்துக்குள்ள உடம்பு பொய் சொல்லும் சார். எனக்கும் சொல்லும், அவருக்கும் சொல்லும். அந்த நேரத்துல மீட்டரை நம்பாதவர் கையில, ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்கிற ஆளை எப்படி ஒப்படைக்கிறது?"

"உங்களுக்கு அவர் மேல கோபம் இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்!"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை.

"இருக்கு. ஆனா மீட்டருக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. பத்து மணி நேரம் பயிற்சி எடுத்துட்டு வரட்டும். நானே மறுபடி கூட உட்கார்றேன்."

"இதை நான் சும்மா விடமாட்டேன்!"

மானேஜர் நேராகப் பக்கத்து அறைக்குள் போனார். தலைமைப் பரிசோதகரின் அறை. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவளும் பின்னாலேயே போனாள். பயந்து ஒதுங்க அவள் என்ன தப்பா செய்தாள்?

"நாலு பரிசோதகர் இருக்காங்க உங்ககிட்ட. மத்த மூணு பேருக்கும் எங்க கேப்டன்னா உயிரு. இவங்களைப் போய் அனுப்பியிருக்கீங்களே, இது நியாயமா?"

தலைமைப் பரிசோதகர் அவளைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு சார்."

"இனிமே மாத்த முடியாதே?"

"மாத்தறதா இல்ல சார்."

"நல்லது. அதுக்காகத்தான் இதை உங்ககிட்டகூட இவ்வளவு நேரம் காட்டல."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மானேஜரிடம் கொடுத்தார். "உங்க கேப்டன் போன வாரம் கொடுத்தது. சத்தமாவே படிங்க."

மானேஜர் சத்தமாகத்தான் ஆரம்பித்தார். போகப் போகக் குரல் இறங்கியது.

"ஐயா, போன மாதம் மேகத்துக்குள், ஒரு நோயாளியோடு வரும்போது, நான்கு நிமிடம் விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கூட வந்த நர்ஸுக்குக்கூட இது தெரியாது; எப்படியோ தப்பித்தோம். எனக்கு உடனே டெஸ்ட் வையுங்கள். உங்கள் பரிசோதகர்களில் மூன்று பேர் என் நண்பர்கள், மனசு கேட்காமல் பாஸ் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து, என் மேல் கோபமாக இருக்கிற அந்தப் பெண்ணையே அனுப்புங்கள்."