சொன்னதைச் சொன்ன கிளி

இந்தச் சம்பவத்தை நான் பல வருஷங்களாக முழுசாக நம்பியதில்லை. சொன்னவன் என் மனைவியின் தம்பி என்பது ஒரு காரணம்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் தொலைக்காட்சி விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். நாங்கள் சின்ன வயதில் பார்த்த 'வக்கீல் கிளி' கார்ட்டூனைப் புதிதாக எடுத்து ஒளிபரப்பத் தொடங்கியிருந்தார்கள்.

பழைய கிளியின் விசேஷமே, யார் சொன்னதையும் அது திருப்பிச் சொல்லாது என்பதுதான். மூச்சுவிடாமல் வாதாடும். புதுக் கிளியோ எதிராளி பேச்சின் கடைசி ஒன்றிரண்டு சொற்களை மட்டும் திருப்பிச் சொன்னது. இத்தனைக்கும் குரல் அதே பழைய நடிகருடையது.

'அவ்வளவு பெரிய கலைஞரைக் கூப்பிட்டுக் கிளிப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். வாயுள்ள எதுவும் இந்த இயக்குநருக்கு ஆகாது போலிருக்கிறது' என்று எழுதினேன். கடிதங்கள் குவிந்தன. உடனே இரண்டாவது கட்டுரையும் எழுதி முடித்தேன்.

மறுநாள் மாலை மச்சான் வந்து நின்றான். அந்தக் கார்ட்டூனுக்கு ஒலிப்பதிவு செய்பவன் அவன்தான்.

"அத்தான், அடுத்த கட்டுரை ரெடியா?"

"மேஜை மேல இருக்கு. உங்க டைரக்டரம்மாவுக்கு இந்தத் தடவை காரம் கொஞ்சம் தூக்கல்."

"அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வந்ததும் வராததுமா என்னடா வம்பு?"

"நீ சும்மா இரு அக்கா. அத்தான், வந்த கடிதத்தையெல்லாம் பார்த்துட்டு, பழையபடி வாதாடற கிளிதான் வேணும்னு சேனல்ல வேற குரல் தேட ஆரம்பிச்சுட்டாங்க. அவரை வீட்டுக்கு அனுப்பப் போறாங்க."

"நான் அவருக்காகத்தானேடா எழுதினேன்!"

"அதான் வேடிக்கை" என்று உட்கார்ந்தான்.

முன்பெல்லாம் ஒரே மைக்கைச் சுற்றி எல்லோரும் நின்று பேசுவார்கள். இப்போது ஒவ்வொருவராகத் தனித்தனியாக வந்து பேசுகிறார்கள். கண்ணாடி அறைக்குள் நடிகர், வெளியே ஒலிப்பதிவு செய்பவன். அவ்வளவுதான்.

"முதல் நாள். பேப்பரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறார். எட்டு மாசம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்திருக்கு. கை கால் எல்லாம் தேறிடுச்சு, பேச்சுதான் வரலை. ஒப்பந்தம் போட்டப்ப ஃபோன்ல பேசினது பூரா அவர் மனைவி."

"அய்யோ!" என்றாள் என் மனைவி.

"ஹெட்ஃபோன்ல நரியோட வசனத்தைப் போட்டேன். 'நானா திருடினேன்?'னு கேக்குது. இவர் தீர்ப்பு சொல்ற ஜட்ஜ் மாதிரி, 'திருடினேன்'ங்கறார். கேட்ட கடைசி வார்த்தை மட்டும்தான் வருது. ஆனா குரல் இருக்கே, அதே குரல்! எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவர் கண்ணுல தண்ணி."

"அப்புறம்?"

"பின்னாடி நின்ன டைரக்டரம்மா சொன்னாங்க. 'திருப்பிச் சொல்ல முடியுதில்ல? அப்ப கிளியும் திருப்பியே சொல்லட்டும். அவருக்கு முடியலைன்னு வெளியே மூச்சு விடாதே'ன்னு."

"யாரு, நாலு நிமிஷம் லேட்டா வந்தவனை வாசல்லயே திருப்பி அனுப்பின அந்தம்மாவா?"

"கல்லுக்குள்ளயும் ஈரம் இருக்கும் அத்தான்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

கட்டுரையைக் கிழித்தேன். 'குழந்தைகள் சிரிக்கிறார்கள், கிளியை விட்டுவிடுவோம்' என்று நாலு வரி எழுதினேன். கடிதங்கள் ஓய்ந்தன. ஆறு வருஷம், கார்ட்டூன் முடியும்வரை, அந்த நடிகர்தான் கிளி.

சந்தேகம் மட்டும் என்னை விடவில்லை. தன் வேலையைக் காப்பாற்ற மச்சான் கதை கட்டினானோ? சொந்தம் என்று நானும் வளைந்து கொடுத்தேனோ? அவன் சொன்னது பொய் என்றால் நான் ஏமாளி. உண்மை என்றால், முடியாத மனிதரின் பிழைப்பில் மண் போட இருந்தவன். இரண்டில் எது தேவலை என்று தெரியாததால் கேட்காமலே இருந்தேன்.

போன மாதம் ஒரு பரிசளிப்பு விழாவில் அந்த இயக்குநரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

"வாயுள்ளது எதுவும் எனக்கு ஆகாதுன்னு எழுதினது நீங்கதானே?"

"மன்னிச்சுக்குங்கம்மா. அவருக்கு ஸ்ட்ரோக் வந்ததை மறைச்சு, கிளியையே அவருக்காக மாத்தினீங்களே, அந்த மனசு அப்பத் தெரியலை."

"என்ன மனசு? ஸ்ட்ரோக் வந்த விஷயமே எனக்கு மூணாவது வருஷம் அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்."

"முதல் நாள் நீங்க கூட இருந்து..."

"நான் அன்னைக்கு ஊர்லயே இல்லை. ஒலிப்பதிவு வந்தது. கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சேன். அவரே யோசிச்சுப் பண்ணியிருக்கார்னு நினைச்சு, வசனம் எழுதறவங்ககிட்ட இனிமே அப்படியே எழுதுங்கன்னு சொல்லிட்டேன். உண்மை அப்பவே தெரிஞ்சிருந்தா?" கொஞ்சம் தயங்கினார். "வேற ஆளைப் போட்டிருப்பேன்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். நோய் பொய்யில்லை. நான் கிழித்தது வீணில்லை. இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கி, வாய்விட்டுச் சிரித்தேன். காவலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அங்கிருந்தே மச்சானுக்கு ஃபோன் போட்டேன்.

"என்ன அத்தான், அக்கா நல்லாத்தானே இருக்கா?"

"அவளுக்கென்ன. உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அந்தக் கண்ணாடிக்கு உள்ளே அவரும், வெளியே நீயும் மட்டும்தானேடா இருந்தீங்க?"