பொன்னிறச் செதில்

"இன்னிக்கும் வரலையா?" என்றார் பேராசிரியர் சிதம்பரநாதன்.

"இல்ல சார்." ஆராய்ச்சி மாணவன் சேரன் சிவப்பு லேபிள் ஒட்டிய குடுவையை நீட்டினான். காலையில் மொட்டைமாடியில் வைத்த அதே மஞ்சள் திரவம். அது இரும்புக் கார்பனைல் என்ற ரசாயனம்; அதில் வெயில் பட்டால் பொன்னிறச் செதில்கள் படிய வேண்டும். ஆய்வகத்தின் புற ஊதா விளக்கு எரிந்துபோனதால் அடையாற்று வெயிலை நம்பி ஒரு மாதம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் செதிலைக் காட்டாவிட்டால் அவன் ஆராய்ச்சியை விட்டுப் போக வேண்டியதுதான்.

"மே மாச வெயில்ல ரோட்டுத் தாரே உருகுது. உனக்கு மட்டும் ஒண்ணும் நடக்கல."

"பத்து மணிக்கு வெச்சு நாலு மணிக்குத்தான் சார் எடுக்கறேன்."

தரை துடைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலி நிமிர்ந்தாள். "மஞ்சத் தண்ணி குடுவையா? அது எங்க வெயில்ல கீது? நீ எறங்கினதும் தண்ணித் தொட்டிக்கு அடியில தள்ளி வெச்சுடுவேன். நீ வர்றதுக்குள்ள திருப்பி வெச்சுடுவேன்."

சேரன் அவள் பக்கம் திரும்பினான். "யாருக்கா உன்னை எடுக்கச் சொன்னது?"

"சார்தான். இந்த செவப்பு லேபிள் ஒட்டினதை வெயில்ல கண்டா அந்த நிமிஷமே நெழல்ல வைக்கணும், இல்லாங்காட்டி வேலைக்கே வராதேன்னாரு. உன்னைத் திட்டப்போறாருன்னுதான் நைனா நான் சொல்லிக்கல. ஒரு நாள்கூட தவறல சார்."

பேராசிரியர் குடுவையை வாங்கி லேபிளைப் படிக்க ஆரம்பித்தார். சிவப்பு லேபிளில் இருந்தது அவருடைய கையெழுத்துதான்.