ஒன்பதாவது கோடு

“நாலு கோடு ஏறிடுச்சு. மிச்சம் அஞ்சுல ஒண்ணாவது படுத்தே கிடக்கும்ல?”

சிப்பிப் பண்ணைக்காரர் கேட்டது தன் மச்சினியிடம். இடம், அவள் வேலை பார்க்கும் துறைமுக ஆய்வகம். வேலை நேரத்தில் உறவுக்காரர்களை உள்ளே விடக் கூடாதுதான். ஆனால் அக்கா புருஷன் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினால் எந்த மச்சினிக்குத்தான் கதவைச் சாத்த மனசு வரும்?

விஷயம் இதுதான். கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டு ஓசியிலேயே கடல் கடந்து வரும் அந்நியச் சிப்பி ஒன்று உண்டு. வந்த இடத்தில் உள்ளூர்ச் சிப்பிக்கு மூச்சு விட இடம் வைக்காது. அது இந்தக் கடலுக்கும் வந்துவிட்டதோ என்று சந்தேகம். ஆட்கள் மூன்று நாள் முக்குளித்துத் தேடியும் ஒன்று கூட அகப்படவில்லை. கண்ணில் படாவிட்டால் என்ன, அது இருந்தால் அதன் மரபணு தண்ணீரில் கலந்திருக்குமே. அதைத்தான் இயந்திரம் இப்போது தேடிக்கொண்டிருந்தது. மொத்தம் ஒன்பது பாட்டில், திரையில் ஒன்பது கோடு. கோடு மேலே ஏறினால் அந்நியச் சிப்பி இருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தால் பண்ணைக்காரர் கதை கந்தல். மிதவைகளில் தொங்கும் நூற்றிருபது கயிறுகளையும், அறுவடைக்கு இருபதே நாள் இருக்கும் சிப்பியோடு அறுத்துக் கரையில் புதைக்கச் சொல்வார்கள். கயிறுகளை அறுக்க மீன்வளத் துறை அதிகாரியின் படகு கிளம்பத் தயாராக நின்றது.

ஐந்தாவது ஏறியது. ஆறு, ஏழு என்று அதுவும் வரிசை தப்பாமல் ஏறித் தொலைத்தது. தண்ணிக்கு ஜோசியம் பார்க்கிறவள் என்று மச்சினியை வாய்க்கு வாய் கிண்டல் செய்கிற மனுஷர், இப்போது அந்த ஜோசியத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவதும் ஏறியதும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“அக்காகிட்ட நீயே சொல்லிடும்மா. எனக்கு நாக்கு எழும்பாது.”

அவள் காதிலேயே வாங்கவில்லை. அடியில் கிடந்த ஒன்பதாவது கோட்டை விட்டு அவள் கண் நகரவில்லை. நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். சரி, இதையாவது நம்புவோம் என்று அவரும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். ஏறிடாதே, ஏறிடாதே என்று கோட்டிடம் கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

கோடு லேசாக அசைந்தது. பிறகு மளமளவென்று ஏறி மற்ற எட்டோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

“அப்பாடா,” என்றாள் மச்சினி. முகமெல்லாம் சிரிப்பு.

பண்ணைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரெண்டு வருஷமாக உப்புத் தண்ணீரில் ஊறி வளர்த்தது மண்ணுக்குள் போகப் போகிறது, இவளுக்கு இளிப்பு வேண்டிக் கிடக்கிறதா என்று கத்தினார். அவள் கையை மட்டும் காட்டி அவரை அடக்கிவிட்டு, அதிகாரியைப் போனில் கூப்பிட்டாள்.

“சார், ஒன்பதும் ஏறிடுச்சு. எல்லாம் ஒரே அளவு. ஒப்பிட்டுப் பார்க்க வெளியூர்ல இருந்து வரவழைச்ச அந்தச் சிப்பியோட மாதிரியை நேத்து இதே மேஜையிலதான் திறந்தேன், அதுதான் எல்லாத்துலயும் கலந்திருக்கு. தப்பு என்னோடதுதான் சார். படகை நிறுத்திடுங்க, புதுசா தண்ணி எடுத்துப் பார்க்கலாம்.”

மறுமுனையில் அதிகாரி விட்ட பெருமூச்சு இவருக்கே கேட்டது. படகை நிறுத்தச் சொல்லி அவர் யாரிடமோ சொன்னதும் கேட்டது. ஆனால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

“ஒன்பதும் ஏறினா எனக்கு எப்படிம்மா நல்லது?”

மச்சினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“எட்டு பாட்டில்தான் அத்தான் கடல் தண்ணி. ஒன்பதாவது, எங்க வேலை சுத்தமா நடக்குதான்னு பார்க்க நானே இங்க நிரப்பி வச்ச காய்ச்சி வடிச்ச தண்ணி. அது கடலைக் கண்ணால கூடப் பார்த்ததில்ல.”