இருக்கையும் பயணியும்

"நேத்து சாயங்காலம் நான் வெட்டிவிட்டதை, இன்னிக்குக் காலையில யார் திரும்ப ஒட்டினது?"

டீம் லீடர் கேட்டதும் இரண்டு மேசையிலிருந்தும் விரல் நீண்டது. அவள் அவனைக் காட்டினாள். அவன் அவளைக் காட்டினான்.

மூன்று வாரமாக இதே கூத்துதான். பஸ் டிக்கெட் பதிவு செய்கிற சாஃப்ட்வேர் அது. அதை இரண்டாகப் பிரித்து, இருக்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பாதியை வேறொரு ஊரில் இருக்கும் புதுக் கிளைக்கு அனுப்ப வேண்டும். பயணிகளைப் பார்த்துக்கொள்ளும் பாதி இங்கேயே இருக்கும். புரோகிராம் போகிற ஊருக்கு அதை எழுதிய ஆளும் போயாக வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். கூடவே டீம் லீடரும் போவார். அவர் மனைவிக்கு அந்த ஊரில்தான் டீச்சர் வேலை. இரண்டு வருஷமாக மாதத்துக்கு ஒரு ஞாயிறு முகம் பார்க்கிற குடித்தனம். வெள்ளிக்கிழமைக்குள் பிரித்துவிட்டால் திங்கட்கிழமை முதல் வீட்டுச் சாப்பாடு.

மற்ற ஃபைல்கள் எல்லாம் சமர்த்தாக ஃபோல்டர் மாறிவிட்டன. இரண்டு மட்டும் அடம்பிடித்தன. அவன் எழுதிய இருக்கை ஃபைல், அவள் எழுதிய பயணி ஃபைல் இல்லாமல் ஓடாது. பயணி ஃபைலோ இருக்கை ஃபைல் இல்லாமல் ஓடாது. ஒன்றை நகர்த்தினால் இரண்டும் படுத்துவிடும். இன்றைக்கு ஒரு முடிச்சை அவிழ்த்தால் நாளைக்குப் புதிதாக இரண்டு முடிச்சு. கணவன் மனைவி ஒரே டீமில் இருக்கக் கூடாது, அது கூடாது, இது கூடாது என்று ஆயிரத்தெட்டு விதி போட்ட நிர்வாகம், ஒரு ஃபைலை இன்னொரு ஃபைலோடு கட்டிப்போடாதே என்று ஒரு விதி போட்டிருக்கக் கூடாதா என்று டீம் லீடருக்கு வயிறு எரிந்தது.

இத்தனைக்கும் அந்த இரண்டு பேரும் கீரியும் பாம்பும். பத்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மெயிலில்தான் பேசுவார்கள். கேன்டீனில் ஆளுக்கொரு மூலை. இவர்கள் எழுதியது மட்டும் எப்படி இப்படிப் பின்னிக்கிடக்கிறது என்று ஆபீஸே சிரித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கெஞ்சினார். பொதுவாக இருப்பதை எல்லாம் மூன்றாவதாக ஒரு ஃபைலில் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார். தாராளமாகப் போடலாம், ஆறு மாசம் ஆகும் என்றான் அவன். எட்டு மாசமாவது ஆகும் என்றாள் அவள். அதற்கும் ஒரு சண்டை போட்டுக்கொண்டார்கள்.

அவருக்கு வெறுத்துவிட்டது. மேனேஜரிடம் போய், பிரிக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் அலட்டிக்கொள்ளவில்லை. அப்படியென்றால் எல்லோரும் இங்கேயே இருங்கள், புதுக் கிளைக்கு வேறு வேலை பார்த்துக் கொடுக்கலாம் என்று முடித்துவிட்டார்.

ஆபீஸில் உட்காரப் பிடிக்காமல் சீக்கிரமே கிளம்பி, மனைவிக்குப் போன் போட்டுக்கொண்டே நடந்தார்.

"அப்போ திங்கட்கிழமை வரலையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. ரெண்டு ஜென்மங்க எழுதிவெச்சதைப் பிரிக்கவே முடியல. இன்னும் ஒரு வருஷம் ஆகும்போல."

அடுத்த ஞாயிறாவது வரச் சொன்னாள் அவள். அவர் போனைக் காதில் வைத்தபடியே நடந்தார். இரண்டு தெரு தாண்டியதும், ஒரு மழலையர் பள்ளி வாசலில் அந்த இருவரும் ஒரே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கை அவன் தோளில் இருந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டாள்.

"அப்பா, நீ வேற ஊருக்குப் போயிடுவியா?"

"போகலடா செல்லம். அம்மாவும் நானும் சேர்ந்து முடிச்சுப் போட்டுட்டோம்ல."

ஸ்கூட்டர் போய்விட்டது. டீம் லீடர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் மனைவி.

"இருக்கேன்" என்றார் அவர். "நீ டீச்சருக்குப் படிச்ச நேரத்துக்கு, என் பக்கத்துல உட்கார்ந்து ஒரே ஒரு ஃபைல் எழுதியிருக்கலாம்."