கோழித் தடைக் கூட்டம்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிற்றூருக்கு ஒரே துப்பாக்கிக் கடைதான். வெண்டல் உள்ளே நுழைந்தபோது கடைக்காரி லொரெய்ன் காலி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன லொரெய்ன், எல்லாம் வித்துப்போச்சா?"

"இந்த வாரம் மட்டும் நாற்பத்திரண்டு. பேக்கரிக்காரம்மா மார்லீன்கூட ஒண்ணு தூக்கிட்டுப் போனாங்க."

"அவங்களுக்கு எதுக்கு?"

"வீட்ல கோழி வளர்க்கத் தடை வரப்போகுதே. அரசாங்கம் அத்துமீறினா சும்மா விடறதான்னு கேக்கறாங்க. சாயங்காலம் ஊர்க்கூட்டத்துக்கு எல்லாரும் தோள்ல மாட்டிக்கிட்டுத்தான் வராங்க."

"எல்லாரும்னா... எல்லாருமா?"

"நீங்க ஊட்டின வீரம்தானே."

உண்மைதான். 'குடிமகன் கையில் துப்பாக்கி இருந்தால்தான் அரசாங்கத்துக்குப் பயம் இருக்கும்' என்று தெருத்தெருவாகப் பேசி, கூட்ட அரங்குக்குள்ளும் துப்பாக்கி கொண்டுவர அனுமதி வாங்கிக் கொடுத்தவரே வெண்டல்தான். அன்றைக்கு ஊரே எழுந்து நின்று கைதட்டியது.

"கடைசியா ஒரு ரைஃபிள் இருக்கு. உங்களுக்குன்னா நூறு டாலர் குறைச்சுத் தரேன்."

"துப்பாக்கி வேண்டாம். ஓரத்துல தொங்குதே, குண்டு துளைக்காத உடுப்பு, அது என் அளவுல இருக்கா?"

"இருக்கு. ஆனா அதுல ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டேன்."

"ஏன்?"

"கோழித் தடையைக் கொண்டுவந்ததே நீங்கதான், மேயர். இதை மாட்டாம நீங்க இன்னைக்குக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப் போறதில்லை."