இளைத்தவளின் படம்

மாதவிலக்கு நின்ற ஒரே வருடத்தில் அவளுக்குத் தொப்பை போட்டுவிட்டது. 'பீப்பாய்' என்று கேலி பேசியே எடைகுறைப்பு நிலையத்துக்கு இழுத்து வந்திருந்தார் கணவர்.

"வயசானா உடம்பு மாறும்கிறதெல்லாம் சாக்கு," என்று உதட்டைச் சுழித்தாள் அங்கிருந்த ஆலோசகி. "சுவத்துல இருக்கிற படத்தைப் பாருங்க. அவங்களுக்கும் ஐம்பதுதான். எங்க பவுடரைக் குடிச்சு மூணே மாசத்துல இளைச்சவங்க."

கணவர் வாயைப் பிளந்தார். "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்! நீயும் இருக்கியே!"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, இருபது வருஷத்துக்கு முன்னாடி துணிக்கடை விளம்பரத்துக்கு எடுத்த என் படம் இது. அப்ப உங்க பவுடரை யாரு கண்டா?"

அவள் கணவரிடம் திரும்பினாள்.

"இவளாவது வயித்துப் பிழைப்புக்குப் பொய் சொல்றா. கட்டின பொண்டாட்டி மூஞ்சியே அடையாளம் தெரியாத நீங்க, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு என் வயித்தைப் பத்திப் பேசுறீங்க?"